ஆரிட்டைக் கேட்டனீங்கள்?

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்க அவர் இப்போது இல்லை. கேட்காமல் எழுதினால், போன இடத்திலிருந்து திரும்பி வந்து, "ஆரிட்டைக் கேட்டனீங்கள், பிள்ளை?" என்று முன்னால் நிற்பாரோ என்ற பயம் எனக்கு உண்டு. அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்துத் தமிழர்கள் அவரைப் 'பெர்மிஷன் அண்ணை' என்றார்கள். அந்தப் பட்டப்பெயரையும் யாரோ அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

புருசெத்தில் ஒரு பாடசாலையில் அவர் வக்ட்மெஸ்தராக இருந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. பல்பு மாற்றுவார், பனி தள்ளுவார், கதவு பூட்டுவார். அதே கட்டடத்தில்தான் சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கும். நான் கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பவள். சனிக்கிழமை ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து வந்து பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குவேன். வகுப்பறைப் பூட்டின் திறப்புக்கு அவரிடம் போகவேண்டும். அப்படித்தான் பழக்கமானோம்.

கதவு விஷயத்தில் அவர் கறார். ஆண்டு விழா தொடங்கியதும் வாசல் கதவைப் பூட்டிவிடுவார். மண்டபத்தை வாடகைக்குத் தந்த நகரசபை அப்படித்தான் சொல்லியிருக்கிறதாம். தமிழ் ஆட்களின் விழா தமிழ் ஆட்களின் நேரத்துக்கு நடக்கும் என்று நம்பி வந்தவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, கையில் பலகாரப் பெட்டியோடு, உள்ளே இருக்கிற எங்களுக்குச் சைகை காட்டுவார்கள். இவர் அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டி வணக்கம் சொல்வார். கதவு இடைவேளைக்குத்தான் திறக்கும்.

வட்ஸ்அப் குழுவில் யாராவது சூரியோதயப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பினால் மற்றவர்கள் கைகூப்புவார்கள். இவர் "நல்ல படம். எடுத்தது ஆர்?" என்று எழுதுவார். அனுப்பியவருக்குத் தெரியாது. அவருக்கு அனுப்பியவருக்கும் தெரியாது. சில நாட்களில் குழுவில் காலை வணக்கமே நின்றுபோனது. அதற்காக மட்டும் நான் அவருக்கு மனதார நன்றி சொல்லியிருக்கிறேன்.

எல்லா நேரமும் இது சிரிப்பாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு முப்பத்தோராம் நாள் வீட்டில் நினைவு மலர் கொடுத்தார்கள். செத்துப்போன மாமியின் படம், கீழே ஒரு புலம்பல் பாட்டு. எங்கள் ஆட்கள் அந்தப் பாட்டுகளை ஒரு மலரிலிருந்து இன்னொரு மலருக்குப் பெயரை மட்டும் மாற்றிப் போடுவது வழக்கம். யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. இவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அழுதுகொண்டிருந்த மகனைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, குறை நினைக்காதையும். இது போன வருஷம் வேறை ஒரு மனிசிக்கு அழுத பாட்டு. எழுதினவரிட்டைக் கேட்டனீரோ?" மகன் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனால் அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டுப் போன பின்னும் அவர் போகவில்லை. அந்த வீட்டுக் குசினியில் நின்று, பெரிய கிடாரங்களைப் பொழுதுபடும் வரை தேய்த்துக் கழுவினார். அதற்கும் வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டுதான் கையை நனைத்தாராம்.

அவர் போனபோது அச்சடித்த நினைவு மலரில் பாட்டே இல்லை. யாரிடம் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா ஒருநாள் சொன்னா: "இவருக்கு என்னைப் பேசி வந்தநேரம், தரகர் என்ரை போட்டோவை நீட்டியிருக்கிறார். இவர் கையை நீட்டேல்லையாம். 'அந்தப் பிள்ளை தன்ரை படத்தைக் காட்டச் சம்மதிச்சவவோ?' எண்டு கேட்டவராம். தரகர் எங்கடை வீட்டை ஓடிவந்து, மாப்பிளைக்கு மூளை சரியில்லைப் போலை எண்டு சொன்னார். நான் அந்த மூளைக்குத்தான் ஓம் எண்டனான்."

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு கதை இருந்தது.

பெற்றோர் பிந்தி வரும் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் நடைபாதையில் அவரைச் சுற்றிக் குந்துவார்கள். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார். "இது ஜப்பான்காரற்றை கதை. நான் சொல்லுறன் மட்டும்." பிறகு சூரியன் வராத ஒரு கிரகம் வரும். அதைக் காக்க மலையளவு ஓர் இயந்திர மனிதன். அதன் தலைக்குள் கப்டன் இருப்பார். காலுக்குள், எஞ்சின் உறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெடியன் இருப்பான். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, ஒரு குழாய் வழியாகக் கதைப்பார்கள். எதிரிகள் நீளமான பெல்ட் ஒன்றில் வரிசையாக வருவார்கள். கப்டன் நீலக் கையுறையும் வெள்ளை ரப்பர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்று வெட்டுவார். வேகமாக வெட்டச் சொல்லி மேலேயிருந்து ஒருவன் விளங்காத மொழியில் கத்துவான். கடைசியில் இயந்திர மனிதன் வெடிக்கும், பெடியன் மட்டும் தப்பி நடந்து வீட்டுக்குப் போவான். ஜப்பான்காரருக்கு மீன் ஃபக்டரியைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று நான் வியந்ததுண்டு. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கதை அவருக்குக் கிடைத்தது பாட்ஸ்பியோர்ட்டில். எண்பதுகளில் வடக்கே அந்த மீன் ஊருக்கு வேலைக்கு வந்த தமிழ்ப் பெடியன்களில் அவரும் ஒருவர். அங்கே ஒருமுறை துறைமுகத்துக்கு வந்த ஸ்பானியக் கப்பல்காரர் ஒரு பை நிறைய வீடியோ கசெட் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், விண்வெளி, இயந்திர மனிதன், எல்லோரும் ஸ்பானிய மொழியில் கதைத்தார்கள். விடுதியில் இருந்த ஒருவருக்கும் ஸ்பானிய மொழி தெரியாது. இவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, படத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னார். "படத்தைப் பாத்தால் விளங்கும்தானே," என்பார். வெளியே இரண்டு மாதமாகச் சூரியன் இல்லை. பார்ப்பதற்கும் வேறு ஒன்றும் இல்லை.

என் நாடகப் பிள்ளைகள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். "டீச்சர், இந்த முறையும் ராசா மந்திரி வேண்டாம். அந்த ரூம்ஸ்கிப் கதையைச் செய்வம்," என்றாள் ஒருத்தி. விண்கப்பலை அவர்கள் நோர்வேஜிய மொழியில்தான் சொல்வார்கள். எனக்கும் தலைப்பாகை கட்டிக் கட்டி அலுத்திருந்தது. நிர்வாகத்தில் கேட்டேன். "போடுங்கோ டீச்சர், ஜப்பான்காரன் புருசெத்துக்கு வந்து பாக்கப்போறானே?" என்றார் தலைவர்.

அதை அப்படியே கொண்டுபோய் இவரிடம் சொன்னேன். அவர் பனி தள்ளுவதை நிறுத்தினார்.

"அவன் பாக்கமாட்டான். நான் பாக்கிறன்தானே," என்றார். "வாயாலை சொல்லுறது வேறை, பிள்ளை. மேடையிலை போடுறதெண்டால் சொந்தக்காரரிட்டைக் கேக்க வேணும்."

கேட்டோம். அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். தொடரை வரைந்த கலைக்கூடம் மிக மரியாதையாகப் பதில் போட்டது: ஜப்பானுக்கு வெளியே காட்டும் உரிமையை முன்பே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டோம், அவர்களைக் கேளுங்கள். அந்தக் கம்பனி நொடித்துப்போய், அதன் உரிமங்களை வேறொன்று வாங்கியிருந்தது. வாங்கிய கம்பனி, படம் எங்களுடையது, ஆனால் இயந்திர மனிதனின் உருவம் பொம்மைக் கம்பனிக்குச் சொந்தம், அவர்களைக் கேளுங்கள் என்றது. பொம்மைக் கம்பனி, உருவம் எங்களுடையதா என்பதே வழக்கில் இருக்கிறது, தயவுசெய்து கலைக்கூடத்தைக் கேளுங்கள் என்றது. நான் பல்லைக் கடித்தேன்.

"பரவாயில்லை, பதில் போட்டிருக்கினமே," என்றார் அவர்.

அதன்பிறகு அவர் அந்த வழக்கைப் பின்தொடரத் தொடங்கினார். மற்றவர்கள் கோப்பியோடு ஊர்ச் செய்தி பார்க்கிற நேரத்தில் இவர் தோக்கியோ நீதிமன்றச் செய்தி பார்த்தார். விளங்காததை மொழிபெயர்க்கும் செயலியில் போட்டு வாசித்தார். எனக்கு விளக்கியும் சொன்னார். "பங்குக் கிணறு மாதிரி, பிள்ளை. தண்ணி ஒருத்தனுக்கு, துலா ஒருத்தனுக்கு, கிணத்தடிக்குப் போற ஒழுங்கை இன்னொருத்தனுக்கு. மூண்டு பேரும் கோட்டிலை. ஒருத்தரும் குளிக்கேலாது."

அந்தத் தொடர் திருட்டுத்தனமாக இணையத்தில் முழுதாகக் கிடந்தது. பிள்ளைகளே கைபேசியில் எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உண்மையாகவே மூடினார். அன்று அவர் கண்ணைத் திறந்திருந்தால் ஒரே மாலையில் எல்லாம் விளங்கியிருக்கும்.

ஆண்டு விழாக்கள் வந்து போயின. ராசாவும் மந்திரியும் வந்து போனார்கள். இயந்திரக் காலுக்குள் இருக்கிற பெடியனாக நடிக்க நான் குறித்து வைத்திருந்த சின்னப் பெண், கப்டனாக நடிக்க இருந்தவனை விட உயரமாகிவிட்டாள். இன்னும் ஒரு வருடம் போனால் இருவரும் தமிழ்ப் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள். கெஞ்சினேன், கோபித்தேன், திறப்பு வாங்கப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டும் பார்த்தேன். "எனக்கும் ஆசைதான், பிள்ளை," என்றார். "அந்தப் பெடியன் வீடு திரும்புற இடம் இருக்கெல்லோ, அதை ஒருக்கால் மேடையிலை பாத்திட்டால் எனக்கு அதுவே காணும்." அதை அவர் சொன்ன விதத்தில் என் கோபம் போய்விட்டது.

பிறகு ஒருநாள் மூன்று கம்பனிகளும் சமாதானமாகிவிட்டன. என்ன பேசித் தீர்த்தார்கள் என்று வெளியே சொல்லவில்லை. தொடர் நோர்வேஜிய எழுத்துகளோடு, காசு கட்டிப் பார்க்கிற ஒரு தளத்துக்கு வந்துவிட்டது. இனி ஒரே இடத்தில் கேட்டால் போதும். அதற்கு முன் எங்கள் நாடகம் மூலத்தோடு சரியா என்று ஒப்பிட வேண்டும் என்றார். என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். சந்தா ஒரு வீட்டுக்காரருக்கு மட்டும் என்று போட்டிருந்ததால், விருந்தாளி பக்கத்திலிருந்து பார்க்கலாமா என்று வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்துக் கேட்டிருந்தார். பார்க்கலாமாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பெண் சிரித்தாளாம்.

அக்கா ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தா. படம் தொடங்கியது. ஜப்பான்காரர் ஜப்பானிய மொழியில் கதைத்தார்கள், கீழே நோர்வேஜிய எழுத்து ஓடியது. முதல் பகுதியின் பாதியிலேயே அக்கா திரும்பி என்னைப் பார்த்தா.

அது சூரியன் வராத கிரகம் இல்லை. நிழல் தரும் மரம் ஒன்றைப் பற்றிய கதை. கப்டன் ஓர் இளவரசிக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். இவர் பரம எதிரி என்று இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த ஆள், இளவரசியின் சித்தப்பா, சாப்பிட வந்திருந்தார். போர்ப் பிரகடனம் என்று இவர் சொன்ன இடத்தில் கலியாணத்துக்கு நாள் குறித்தார்கள். பெல்ட்டும் இல்லை, நீலக் கையுறையும் இல்லை. காலுக்குள் ஒரு பெடியன் மட்டும் இருந்தான். அவனும் மனிதன் இல்லை, இயந்திரப் பொம்மை.

நானும் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தார். பல ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்தோம். "அப்ப இது அவங்கடை இல்லை," என்று ஒருமுறை சொன்னார். சந்தோசமாகச் சொல்லவில்லை. பொலிஸ் கூப்பிட்டு உன் வீட்டில் ஒரு யானை நிற்கிறது என்று சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம்.

"அண்ணை, நீங்கள்தான் சொந்தக்காரர்!" என்றேன். "இனி உங்களிட்டைக் கேட்டால் சரி."

"பொறுங்கோ, பிள்ளை. கடைசிப் பகுதி இருக்கு."

கடைசிப் பகுதியில் இயந்திர மனிதன் வானத்தில் வெடிக்கும். அது மட்டும் அவர் சொன்ன மாதிரியே வெடித்தது. அவர் படத்தை நிறுத்தினார். பின்னால் ஓட்டி, மறுபடி போட்டார். எழுந்து போய்த் திரையின் வலது மூலைக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்தார். இன்னொரு தரம் ஓட்டினார்.

"இந்த மூலையிலை ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது," என்றார்.

"கசெட் தேஞ்சு கோடு விழுந்திருக்கும்," என்றா அக்கா.

"ஓம். இதிலை இல்லை."

வந்து உட்கார்ந்தார். பிறகுதான் பாட்ஸ்பியோர்ட்டில் தன்னோடு ஒரே அறையில் இருந்த ஒருவனைப் பற்றி முதல் தரம் என்னிடம் சொன்னார். இவரை விட நாலைந்து வயது இளையவன். இவர் வெடிக்கிற இடத்தோடு பெடியன் செத்துவிட்டான் என்று கதையை முடித்திருக்கிறார். அந்த அறைத்தோழன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "'அண்ணை, வடிவாப் பாருங்கோ, மூலையிலை வெள்ளையாத் தெரியுது, அது அவன்ரை கை' எண்டவன். நான் இல்லையெண்டன். அவன் விடேல்லை. பிறகு அவன்தான் கதை சொன்னவன். பெடியன் எப்பிடிக் கீழை வந்தவன், எப்பிடி நடந்து வீட்டை போனவன், எல்லாம் அவன்ரை. நான் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

"ஆள் இப்ப எங்கை, அண்ணை?"

அக்கா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினா. நான் கேட்டு முடித்துவிட்டேன்.

"தாயைப் பாத்திட்டு வாறன் எண்டு ஊருக்குப் போனவன்," என்றார்.

மிச்சத்தை அக்காதான் பேருந்துத் தரிப்பு வரை என்னோடு நடந்து வந்து சொன்னா. போனவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இவர் கேட்காத இடம் இல்லை. இராணுவ முகாமில் கேட்டால், இங்கே இல்லை, தலைமையகத்தில் கேளுங்கள். தலைமையகத்தில் கேட்டால், அது பொலிஸ் விஷயம். பொலிசில் கேட்டால், ஆணைக்குழுவில் கேளுங்கள். ஆணைக்குழு கலைந்துவிட்டது, புதியது வந்திருக்கிறது, முதலில் முகாமில் கேட்டீர்களா. பாதிப் பேர் பதிலே போடவில்லை. தாயும் தேடித் தேடியே போய்ச் சேர்ந்துவிட்டா. ஜப்பானிலிருந்து வந்த பதில்களைப் பார்த்து நான் பல்லைக் கடித்தபோது, பதில் போட்டிருக்கினமே என்று இவர் ஏன் சொன்னார் என்பது எனக்கு அந்தத் தரிப்பில் நிற்கும்போதுதான் விளங்கியது. வந்த பேருந்தை விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவரே என்னிடம் வந்தார். "யோசிச்சனான், பிள்ளை. என்ரை பங்கை நான் தாறன். மேடையிலை போடுங்கோ. வெடிக்கிற இடத்தோடை நிப்பாட்டுங்கோ."

"மிச்சம்?"

"அது என்ரை இல்லையே. அவனிட்டைக் கேக்க வேணும்."

"அண்ணை, நீங்களே ஆசைப்பட்ட இடம் அது. சனத்துக்கு முன்னாலை அந்தப் பெடியனைச் சாகவிட்டிட்டு நிப்பாட்டுறதோ?"

"சாகவிடேல்லை. நிப்பாட்டுறம். ரெண்டும் ஒண்டில்லை."

நான் பிரதியை எடுத்து, வெடிக்கிற இடத்துக்குக் கீழே கோடு போட்டேன்.

நாடகம் நன்றாக வந்தது. மட்டையில் செய்த இயந்திர மனிதனுக்கு வெள்ளிக் கடதாசி ஒட்டியிருந்தோம். உயரமாகிவிட்ட சின்னப் பெண் காலுக்குள் குனிந்து குந்தியிருந்து, குழாய் வழியாகக் கப்டனோடு கதைத்தாள். பெல்ட்டில் எதிரிகள் வந்தபோது, முன்பு வடக்கே மீன் வெட்டிய அப்பாமார் சிலர் கையைத் தட்டி ஆரவாரித்தார்கள். வெடித்தது. விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தபோது மேடையில் ஒருவரும் இல்லை. முடிந்துவிட்டதா, கைதட்டலாமா என்று தெரியாமல் சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது.

"அவன் சாகேல்லை!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குழந்தை கத்தியது. நடைபாதைக் கதையை முழுதாகக் கேட்ட குழந்தை. "அவன் வருவான்!"

அவர் பின்னாலிருந்து நடந்து வந்தார். இடுப்பில் திறப்புக் கோர்வை குலுங்கியது. மேடையில் ஏறவில்லை. கீழே நின்றபடி, கார் ஒன்று வழியை மறித்து நிற்கிறது, எடுங்கள் என்று அறிவிக்கிற அதே குரலில் சொன்னார்:

"ஓம், வருவான். அந்தப் பகுதிக்குச் சொந்தக்காரன் இன்னும் வரேல்லை. வந்தாப்பிறகு அவனே சொல்லுவான். எல்லாரும் சாப்பிடப் போங்கோ."

சிலர் சிரித்தார்கள். பெர்மிஷன் அண்ணை கடைசி வரை பெர்மிஷன் அண்ணைதான் என்று யாரோ சொன்னார்கள். கதிரைகள் இழுபட்டன, சனம் ரோல்ஸ் மேசைப் பக்கம் போனது. அவருக்கு ஒரு தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு தேடிப் போனேன்.

வாசலில் நின்றார். கதவு அகலத் திறந்திருந்தது. விழா முழுக்க அது பூட்டப்படவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, குளிர் நேராக உள்ளே வந்தது.

"அண்ணை, குளிருது. பூட்டிட்டு வாங்கோவன், சாப்பிடுவம்."

"நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ, பிள்ளை," என்றார். "நான் கொஞ்சநேரம் கதவடியிலை நிக்கிறன்."